மாட்டை விற்றவர் எங்கே?

மாட்டிறைச்சியைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளாக நிறையப் பேசியிருக்கின்றன. 2012இல் உஸ்மானியாவில் நடந்த மாட்டிறைச்சித் திருவிழா, 2017இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த விருந்து, அவற்றையொட்டி எழுந்த தாக்குதல்கள், கண்டனங்கள், கருத்தரங்குகள், ஆய்வேடுகள் என உணவு, சாதி, தூய்மை, தேசம் ஆகிய நான்கு சொற்களைச் சுற்றி ஒரு நூலகமே உருவாகிவிட்டது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஒருவர் என்ன உண்ண வேண்டும் என்பதைத் தெருவில் நிற்கும் கும்பல் முடிவுசெய்யும் நாட்டில், உண்ணும் உரிமையை உரக்கச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நூலகத்தில் ஒருவரை மட்டும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது: அந்த மாட்டை வளர்த்து விற்றவர். தட்டில் இருக்கும் இறைச்சியைப் பற்றி எழுதினோம். தட்டுக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் சாதியையும் மதத்தையும் எழுதினோம். தட்டைப் பறிக்க வருபவரின் கருத்தியலை எழுதினோம். அந்த இறைச்சி நேற்றுவரை யாருடைய கொட்டிலில் கட்டப்பட்டிருந்தது, எந்தச் சந்தையில், எத்தனை ரூபாய்க்குக் கைமாறியது, அந்த விலையைச் சொன்னவர் யார் என்ற கேள்விகள் நமக்கு ஆய்வுப் பொருளாவது அரிது. பசுவைத் தாயென்று சொல்பவர், விற்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கிறார். உண்ணும் உரிமையைப் பேசும் நாமோ அவரைப் பார்ப்பதே இல்லை.

இப்பதிவின் வாதம் ஒன்றே. இறைச்சிக்கு விலங்கு விற்கும் சிறு உழவருக்குப் பேரம் பேசும் ஆற்றல் வேண்டும். பொது அளவையும் கூட்டுறவும் இல்லாமல் அந்த ஆற்றல் வராது. பாலுக்கு 1946இலேயே இந்தியா செய்து காட்டியதை, பால் வற்றிய பின் அதே விலங்குக்குச் செய்ய மறுப்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை.

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்காவிலோ அயர்லாந்திலோ இருப்பதுபோல இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் பண்ணையாளர் இந்தியாவில் அரிது. இங்கே இறைச்சி என்பது பாலின் மறுபக்கம். ஓர் எருமை சில ஈற்றுகள் கறந்துவிட்டு, சினை பிடிக்காமல் போகும்போதோ கறவை வற்றும்போதோ சந்தைக்கு வருகிறது. கடாக்கன்றுகளில் பல, தாய்ப்பால் மறுக்கப்பட்டுச் சந்தையைக் காணாமலே சாகின்றன. ஆகவே 'மாட்டிறைச்சி உழவர்' என்று தனியாக ஒரு வகுப்பார் இல்லை. காலையும் மாலையும் பால் சங்கத்தின் வரிசையில் நிற்கும் அதே பெண்தான், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறைச்சிக்கு விலங்கு விற்கும் உற்பத்தியாளராகவும் இருக்கிறார். முதல் வேடத்தில் அவரை 'வெண்மைப் புரட்சியின் நாயகி' என்று சுவரொட்டி அச்சிடுகிறோம். இரண்டாம் வேடத்தில் அவருக்குப் பெயரே இல்லை.

அந்த விற்பனையில் வரும் பணம் மேல்வரும்படி அன்று. அடுத்த கறவை எருமைக்கான முன்பணம். பழைய விலங்கின் விலை குறைந்தால் புதிய விலங்குக்குக் கடன் கூடும். கடன் கூடினால் பாலின் அடக்கவிலை கூடும். பழைய விலங்குக்கு விலையே இல்லாமல் போனால், கறக்காத விலங்குக்குத் தீனி போட வேண்டும், இல்லையேல் இரவில் அவிழ்த்துவிட வேண்டும். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் மாடுகள் உரிமையாளரின்றித் திரிவதாகச் சொன்னது. அவற்றுள் கிட்டத்தட்டப் பாதி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களில் இருந்தன. அதே கணக்கெடுப்பின்படி 2012க்கும் 2019க்கும் இடையில் ஆண் மாடுகளின் எண்ணிக்கை 30 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. டிராக்டர் வந்தது இதற்கு ஒரு காரணம். விற்க முடியாத விலங்கை யாரும் வளர்க்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

தொழிலும் சிறியதன்று. பசு, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை உண்டு. வெளியே போவது எருமையிறைச்சி. 2014-15இல் அந்த ஏற்றுமதி 14 லட்சம் டன்னைத் தாண்டியது. அதன் மதிப்பு சுமார் 478 கோடி டாலர். அவ்வாண்டில் அது பாசுமதி அரிசியையே விஞ்சியது. அதன் பிறகு ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும், ஆண்டுக்கு 300 கோடி டாலருக்குக் குறையாத தொழில் இது. வியட்நாமிலும் மலேசியாவிலும் எகிப்திலும் என்ன விலை போகிறது என்பதை ஏற்றுமதியாளர் அன்றாடம் அறிகிறார். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் ஒரு சந்தையில் எருமையின் கயிற்றைப் பிடித்து நிற்பவருக்கோ, பக்கத்து மாவட்டத்தில் நேற்று என்ன விலை போனது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. 300 கோடி டாலர் சங்கிலியின் முதல் கண்ணியில் இருப்பவரே அச்சங்கிலியில் மிகக் குறைவாக அறிந்தவர்.

மொழியியல் படித்த பழக்கத்தில் இதை நான் ஒரு மொழிச் சிக்கலாகவும் பார்க்கிறேன். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. இந்திய மாட்டுச் சந்தையின் விலையை இம்மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

குழூஉக்குறியில் தொடங்குவோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். பிறர் அறியாதிருக்க ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல் அது. மாட்டுத் தரகரின் குழூஉக்குறிக்குச் சொல்லே தேவையில்லை. ஒரு துண்டு போதும். துண்டுக்கடியில் இரு கைகள் சந்திக்கின்றன. தொடும் விரல்களும் அழுத்தும் விதமும் ஆயிரத்தையும் நூற்றையும் குறிக்கின்றன. தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் மகாராஷ்டிரச் சந்தைகளிலும் காணக்கிடைக்கும் இவ்வழக்கம் ஆவணப்பட இயக்குநர்களுக்கும் குறியியல் மாணவர்களுக்கும் விருந்து. அதன் அழகில் எனக்கும் ஐயமில்லை. அதன் பொருளாதார விளைவைத்தான் நாம் எழுத மறந்தோம். செவியில் விழாத விலை சந்தை விலையாக ஆகாது. பக்கத்தில் நிற்கும் பத்து உழவருக்கும் அந்த எண் தெரியாது. ஆகவே அவர்களுடைய பேரத்துக்கு அது சான்றாகாது. ஒவ்வொரு விற்பனையும் ஒரு தனித்தீவு. தீவுகள் அனைத்துக்கும் படகு வைத்திருப்பவர் தரகர் ஒருவரே.

அடுத்தது இடக்கரடக்கல். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது. இறைச்சிக்காக விற்கிறேன் என்று விற்பவர் சொல்வதில்லை. இறைச்சிக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவரும் சொல்வதில்லை. தமிழில் 'அடிமாடு' என்ற வெளிப்படையான சொல் இருந்தும், அது விலை பேசும்போது வாயில் வருவதைவிட வசவாக வருவதே மிகுதி. 2017 மே மாதம் ஒன்றிய அரசு இந்த இடக்கரடக்கலைச் சட்டமாக்கப் பார்த்தது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகள், சந்தைக்கு வரும் மாடு இறைச்சிக்காக அன்று என்று விற்பவர் எழுதித் தர வேண்டும் என்றன. எருமையும் அந்த 'மாடு' என்ற சொல்லுக்குள் அடக்கப்பட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை அம்மாதமே இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. விதி நின்றது; வெளிப்படையாகச் சொன்னால் வம்பு என்ற அச்சம் நிற்கவில்லை. விற்பனையின் நோக்கத்தைச் சொல்ல முடியாத சந்தையில் ஒப்பந்தம் எழுத முடியாது. தரம் வகுக்க முடியாது. ரசீது கொடுக்க முடியாது. இவை மூன்றும் இல்லாத இடத்தில் விலையைப் பற்றி வழக்காடவும் முடியாது.

இதில் ஒரு முரண் உண்டு. அதே 2017 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் மாநிலங்களுக்கென ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. வேளாண் விளைபொருளோடு கால்நடையையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட சந்தைப்படுத்தல் சட்டம் அது. உழவர் நல்ல விலை பெறுவதற்குக் கால்நடைச் சந்தையும் சீர்ப்பட வேண்டும் என்று ஓர் அமைச்சகம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே இன்னோர் அமைச்சகம் அச்சந்தையிலிருந்து முதன்மையான வாங்குபவரை வெளியேற்றும் விதியைப் பிறப்பித்தது.

மூன்றாவது மங்கலம். மங்கலமற்றதை மங்கலச் சொல்லால் சொல்வது. கைவிடப்பட்ட மாடு 'தானம்' ஆகிறது. அது பட்டினி கிடக்கும் கொட்டகை 'கோசாலை' ஆகிறது. உத்தரப் பிரதேச அரசு அத்தகைய மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் என்று தொடங்கிப் பின்னர் 50 ரூபாயாக உயர்த்தியது. ஒரு பெரிய மாட்டுக்கு இதில் வயிறு நிறையுமா என்பதை மாடு வளர்த்த எவரும் சொல்வார். மங்கலச் சொல் மாட்டைக் காப்பதில்லை. மாட்டுக்கு ஒரு விலை இருந்தது என்ற நினைவை அழிக்க மட்டுமே அது பயன்படுகிறது.

இனி, சட்டமும் கும்பலும் விலையை எவ்வாறு குறைக்கின்றன என்று பார்ப்போம். 2015இல் மகாராஷ்டிரம் எருது, காளை ஆகியவற்றையும் தடைக்குள் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதைக் கடந்த எருமைகளை மட்டுமே விட்டுவைத்தது. சட்டம் எருமையை அனுமதிக்கும் மாநிலங்களிலும், நெடுஞ்சாலையில் வண்டியை மறிப்பவர் பசுவா எருமையா என்று பார்த்துவிட்டு மறிப்பதில்லை. வழியில் வண்டி பிடிபடலாம், ஓட்டுநர் அடிபடலாம், கையூட்டுத் தர நேரலாம், விலங்குகள் பறிமுதலாகலாம். இத்தனை இடர்களுக்கும் வணிகர் ஒரு தொகையை ஒதுக்குகிறார். அத்தொகையை இறைச்சி வாங்குபவரிடம் வசூலிக்க இயலாது. உலகச் சந்தை அதற்கு இடம் தராது. ஆகவே அது பின்னோக்கி நகர்ந்து, கொட்டில் வாசலில் சொல்லப்படும் விலையில் கழிகிறது. பசுப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் வழிப்பறிக்கு உண்மையில் வரி கட்டுபவர், பெரும்பாலும் இந்துவாகிய, எருமை வளர்க்கும் சிறு உழவரே.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு 2025இல் மகாராஷ்டிரமே சான்று தந்தது. தொல்லை தாளாமல் குரேஷி வணிகர்கள் கால்நடை வாங்குவதையே நிறுத்தினர். சந்தைகள் வெறிச்சோடின. குரல் எழுப்பியவர்களுள் உழவர் அமைப்புகளும் இருந்தன. வாங்குபவர் விலகியதும்தான் விற்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கும் தெரிந்தது.

தரகரையும் வணிகரையும் வில்லனாக்கி இக்கட்டுரையை முடிப்பது எளிது, நேர்மையன்று. இடர் சுமப்பவர் அவர். ஆனால் பேரத்தில் அவருக்கு இரண்டு மேன்மைகள் உண்டு. முதலாவது, கண். வாரந்தோறும் பல விலங்குகளை எடைபோட்டுப் பழகிய கண் அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விற்பவருக்கு அது இல்லை. ஒரு கணக்குக்காக, 400 கிலோ உயிர் எடையுள்ள எருமையை அதன் உரிமையாளர் 340 கிலோ என்று மதிப்பதாகவும், கிலோ 110 ரூபாய் என்றும் கொள்வோம். பேரம் தொடங்குமுன்பே 6,600 ரூபாய் போய்விட்டது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. துலாக்கோல் இல்லை, அவ்வளவே. இரண்டாவது மேன்மை, காலம். வண்டி வாடகை கொடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்த விலங்கைத் திரும்ப ஓட்டிச் சென்றால் இன்னொரு வாடகை, இன்னொரு வாரத் தீனி. அந்திக்குள் விற்றே ஆக வேண்டியவர் யார் என்பது சந்தைக்கே தெரியும். காத்திருக்கும் வசதி உள்ளவரே விலை சொல்வார். அது இல்லாதவர் கேட்டுக்கொள்வார். பேரம் பேசும் ஆற்றல் என்று நாம் கருத்தரங்குகளில் சொல்லும் கருத்தாக்கத்தின் முழுப் பொருளும் இதுதான்.

இவ்விரண்டு மேன்மைகளும் ஒருகாலத்தில் பால் வணிகத்திலும் இருந்தன. பால் அன்றைக்கே கெடும். ஆகவே காலம் வாங்குபவர் பக்கம். பாலில் கொழுப்பு எவ்வளவு என்பதை வாங்குபவர் சொன்னால்தான் உண்டு. ஆகவே கண்ணும் அவர் பக்கம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் போல்சன் நிறுவனத்தின் தனியுரிமைக்கு எதிராக உழவர்கள் 1946 தொடக்கத்தில் பால் ஊற்ற மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதைக் கட்டினார். 1949இல் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் 'அமுல்' என்று உலகம் அறிந்தது அதுவே. நாம் பொதுவாக அக்கதையைப் பெரிய ஆலைகளின் கதையாகவும் விளம்பரச் சிறுமியின் கதையாகவும் நினைவுகொள்கிறோம். அதன் உயிர்நாடி ஊர்ச் சங்கத்தின் மேசைமேல் இருந்தது. ஊற்றியவரின் கண்முன்னே கொழுப்பு அளக்கப்பட்டது. அளவுக்கு ஏற்ற விலை அட்டையில் எழுதப்பட்டது. சாதி பார்க்காமல் ஒரே வரிசை, ஒரே விலைப்பட்டியல் என்பது கொள்கையாயிற்று. நுகர்வோர் தரும் ரூபாயில் 80 காசுக்கு மேல் உற்பத்தியாளருக்கே போகிறது என்று அமுல் பெருமை பேசுவதற்கு அடிப்படை அந்த அளவையும் அந்த அட்டையும்தான்.

1970இல் தொடங்கி 1996வரை நடந்த 'ஆபரேஷன் ஃப்ளட்' இம்முறையை நாடெங்கும் கொண்டுசென்றது. உலகில் மிக அதிகமாகப் பால் தரும் நாடாக இந்தியா ஆனது. அப்பாலில் பாதியை நெருங்கும் பங்கு எருமையுடையது. ஆனால் அந்தக் கூட்டுறவின் கண்பார்வை மடிக்குக் கீழே இறங்கவே இல்லை. கறக்கும்வரை அவள் உறுப்பினர். வற்றிய விலங்கோடு நிற்கையில் அவள் அநாதை. கடாக்கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்க 11ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஒன்றிய அரசே ஒரு திட்டம் வகுத்தது. ஆனால் வளர்த்த கடாவை அளந்து, விலை சொல்லி விற்றுத் தரும் சங்கம் அதனோடு சேர்ந்து வளரவில்லை.

ஆகவே என்ன செய்யலாம்? சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சட்டம் அனுமதிக்கும் விலங்குகளுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் எருமைக்கு, இன்றே தொடங்கக்கூடியவை ஐந்து.

1. எடை. ஒவ்வொரு கால்நடைச் சந்தையிலும் விற்பவர் இலவசமாகப் பயன்படுத்தும் எடைமேடை. அதுவரை, மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் கொண்டு எடையை மதிப்பிடும் அளவுநாடா ஒவ்வொரு பால் சங்கத்திலும். துல்லியம் குறைவுதான், கண்மதிப்பைவிட நன்று.

2. விலைப்பலகை. அமெரிக்காவில் கொழுத்த மாடுகளின் பெரும்பங்கை, ஏறத்தாழ 85 விழுக்காட்டை, நான்கே நிறுவனங்கள் வாங்குகின்றன. அத்தகைய ஆதிக்கத்துக்கு எதிராக அங்கே 1921இலேயே ஒரு சட்டம் வந்தது. 1999இல் வந்த இன்னொரு சட்டம், பெரிய இறைச்சி நிறுவனங்கள் தாம் கொடுத்த விலையை அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்கச் செய்தது. அரசு அதை வெளியிடுகிறது. தடையற்ற சந்தையின் தாயகமே விலையைச் சட்டத்தால் வெளிச்சத்துக்கு இழுக்கிறது. உரிமம் பெற்ற ஏற்றுமதி ஆலைகள் வாங்கும் உயிர் எடை விலையை நாள்தோறும் அறிவிக்க வேண்டும் என்பதில் புரட்சி எதுவும் இல்லை.

3. கூட்டு விற்பனை. ஒருவர் ஓர் எருமையோடு நின்றால் கெஞ்சல். நாற்பது பேர் நாற்பது எருமைகளோடு, தரம் பிரித்து, எடை எழுதி நின்றால் பேரம். சங்கம் விலங்கைச் சில நாள் வைத்துக்கொள்ள ஒரு கொட்டிலும், அதுவரை உறுப்பினருக்கு ஒரு முன்பணமும் வேண்டும். காத்திருக்கும் ஆற்றலைச் சங்கம் வாங்கித் தருகிறது. அதுவே அதன் முதல் கடமை.

4. ரசீது. 12 இலக்க எண் பொறித்த காதுவில்லை ஏற்கெனவே நாடெங்கும் விலங்குகளுக்குப் போடப்படுகிறது. அந்த எண், எடை, விலை, வாங்குபவரின் உரிமம் ஆகிய நான்கையும் கொண்ட சங்க ரசீது இருந்தால், அது உழவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் ஒருசேரக் காப்பு. கும்பல் ரசீதை மதிக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு தனியாளின் வண்டியை மறிப்பதும், ஆயிரம் உறுப்பினர் கொண்ட சங்கத்தின் வண்டியை மறிப்பதும் காவல்துறைக்கு ஒன்றாக இரா.

5. பின்பங்கு. பால் ஒன்றியங்கள் ஆண்டிறுதியில் மிகைவருவாயைப் பகிர்வதுபோல, இறைச்சி, தோல், எலும்பு என எல்லாவற்றின் விற்பனையிலிருந்தும் வளர்த்தவருக்கு ஒரு பங்கு. தோலுரிப்பவரும் பதனிடுபவரும் அச்சங்கத்தில் கூலிகளாக அல்லாமல் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். 2016இல் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் சாட்டையடி பட்ட நாட்டில், இக்கோரிக்கை ஒப்புக்கு வைக்கப்படும் ஐந்தாவது எண் அன்று.

மறுப்புகள் எழும். எழ வேண்டும்.

"கூட்டுறவுகள் ஆதிக்கச் சாதிகளின் கோட்டைகள்" என்பது முதல் மறுப்பு. சர்க்கரைக் கூட்டுறவுகளின் வரலாறு அறிந்தவர் இதைப் புறந்தள்ள முடியாது. விடை, உறுப்பினர் தகுதியில் இருக்கிறது. நிலப்பட்டா கேட்கும் சங்கம் நிலவுடைமையாளரின் சங்கமாகும். விலங்கின் காதுவில்லை எண்ணைக் கேட்கும் சங்கத்தில் நிலமற்றவரும், கொட்டிலில் உண்மையில் வேலைசெய்யும் பெண்ணும் உறுப்பினராவர்.

"கேரளத்தில் முயன்று பார்த்தார்களே" என்பது இரண்டாவது. வயநாட்டில் பிரம்மகிரி வளர்ச்சிச் சங்கம் சுல்தான் பத்தேரியில் நவீன இறைச்சி ஆலை அமைத்து, 'மலபார் மீட்' என்ற பெயரில் உழவருக்கு நியாய விலை தர முனைந்தது. பின்னர் அது கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. அம்முயற்சியை ஏளனம் செய்வதும் மறைப்பதும் ஒருங்கே தவறு. ஆலை என்பது பெருமுதலீடு, குளிர்சாதனம், நாள்தோறும் பணப்புழக்கம். புதிதாகத் தொடங்கும் சங்கம் அந்தச் சுமையை முதல் நாளே தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. முதலில் துலாக்கோல், பிறகு கூட்டு விற்பனை, அதன் பிறகே ஆலை. கேடாவிலும் பால் ஊற்ற மறுத்த ஒற்றுமை முதலில் வந்தது. பெரிய பால் ஆலை 1955இல்தான் வந்தது.

"இது கொலையை எளிதாக்கும் திட்டம்" என்பது மூன்றாவது. விலங்குநலம் பேசும் நண்பர்களை நான் மதிக்கிறேன், ஆகவே கேட்கிறேன். மாநில எல்லைகளை இரவில் கடக்கும் மூடிய லாரிகளில் விலங்குகளை நெருக்கியடைத்தது யார்? வெளிப்படையான விற்பனையைக் குற்றமாக்கிய ஏற்பாடுதானே? அருகிலேயே எடை, அருகிலேயே விற்பனை, மருத்துவர் பார்த்த சான்று ஆகியவை விலங்கின் துன்பத்தைக் குறைக்கும். விலையுள்ள கடாக்கன்றுக்குத் தாய்ப்பால் கிடைக்கும். விலையற்றதற்கு என்ன கிடைக்கிறது என்பதை எந்தக் கொட்டிலிலும் போய்ப் பார்க்கலாம்.

"இதைப் பேசினால் அவர்கள் விடுவார்களா?" என்பது நான்காவது. இது மறுப்பன்று, அச்சம், நியாயமான அச்சமும்கூட. ஆனால் எண்ணிப் பாருங்கள். உண்ணும் உரிமை பேசும்போது நாம் ஒரு சிறுபான்மையின் தட்டைக் காப்பவர்களாக மட்டுமே சித்தரிக்கப்படுகிறோம். அச்சித்திரத்தை எதிர்த்தரப்பு விரும்பி வரைகிறது. விற்கும் உரிமை பேசும்போது, கோடிக்கணக்கான எருமைக் கொட்டில்கள் நம் பேச்சுக்குள் வருகின்றன. சங்கம் கேட்கும் உழவரைத் தேசவிரோதி என்பது, தட்டைப் பிடித்து நிற்கும் மாணவரைத் தேசவிரோதி என்பதைவிடக் கடினம்.

2019இல் அயர்லாந்தின் மாட்டிறைச்சி உழவர்கள் வாரக்கணக்கில் ஆலை வாயில்களை மறித்து நின்றனர். அதன் விளைவாக உழவர், ஆலை, அரசு மூவரும் அமரும் ஒரு பணிக்குழு அமைந்தது. உற்பத்தியாளர் அமைப்புகள் முறையான ஏற்பு பெற்றன. அவர்களுடைய சிக்கல் முழுவதும் தீரவில்லை. ஆனால் அங்கே 'மாட்டிறைச்சி உழவர்' என்ற சொல் தலைப்புச் செய்தியில் வர முடிந்தது. நம்மிடம் அதற்குச் சொல்லே இல்லை. கறவையாளர் உண்டு, வணிகர் உண்டு, உண்பவர் உண்டு, காவலர் உண்டு. இறைச்சிக்கு விலங்கு விற்பவரைக் குறிக்க ஒரு மதிப்பான சொல்லை எந்த இந்திய மொழியின் ஆட்சி வழக்கிலும் நான் கண்டதில்லை. பெயரில்லாதவருக்குச் சங்கம் அமைவது கடினம். விலை கேட்பது அதனினும் கடினம்.

எனவே ஆய்வாளர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சமூகவியல், பொருளியல், மானிடவியல், மொழியியல் எத்துறையாயினும், அடுத்த கள ஆய்வுக்கு ஒரு கால்நடைச் சந்தையைத் தேர்ந்தெடுங்கள். துண்டுக்கடியில் நடக்கும் குறியியலோடு நின்றுவிடாமல், துண்டு விலகிய பின் உரிமையாளரின் கையில் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். எடை என்ன, கிலோவுக்கு எவ்வளவு, தரகு எவ்வளவு, வாடகை எவ்வளவு, அதே வாரம் ஆலை கொடுத்த விலை எவ்வளவு என்று ஓராண்டு முழுதும் ஒரு சந்தையின் விலைகளைத் தொகுத்து உள்ளூர் மொழியில் வெளியிடுங்கள். கூட்டுறவுத் துறைக்கென 2021இல் ஒன்றிய அரசு தனி அமைச்சகமே அமைத்திருக்கிறது. அதன் மேசைமேல் வைக்க நம்மிடம் எண்கள் வேண்டும்.

அடுத்த முறை வளாகத்தில் உணவுரிமைக் கூட்டம் நடத்தும்போது, மேடையில் ஒரு நாற்காலியை எருமை விற்கும் பெண் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவர் கோட்பாடு பேச மாட்டார். கடைசியாக விற்ற எருமை எத்தனை கிலோ இருந்தது என்று தெரியாது என்பார். விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.